வடக்குப் பார்த்த இலை

காவல் நிலைய வாசலில் கார் நிறுத்த இடம் வேண்டுமாம்.
"வியாழனுக்குள் எடுத்துக்கொள். இல்லையென்றால்
இயந்திரம் எடுத்துக்கொள்ளும்" என்றார் சார்ஜென்ட் ஃபோர்டுயின்.
எடுப்பதென்றால் எதை?
என் இடுப்புயரம், இரண்டு பன்றிகளின் எடை,
ஓரமெல்லாம் பழுப்பு முள் வைத்த கற்றாழை.

பள்ளிப் பேருந்தின் பின் இருக்கைகளைக் கழற்றினேன்.
தலைமையாசிரியரிடம் சொல்லவில்லை.
மண்வெட்டி, பழைய கம்பளி, என் மைத்துனன் யூலியஸ்,
அவன் முதுகுவலி.
இந்தக் கரூ வறட்பூமியில் மண் என்று நாங்கள் சொல்வது
பாதி கல்; மீதி, கல்லாகக் காத்திருக்கும் தூசி.

தோண்டுமுன் ஒன்று செய்தேன்.
பையிலிருந்த நகப்பூச்சை எடுத்து
வடக்கே பார்த்த இலையில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தேன்.
உலகத்தின் இந்தக் கோடியில் சூரியன்
வடக்கு வழியாகத்தான் வேலைக்குப் போகிறது.
இருபது வருட வெயிலை வாங்கிய தோல் அந்தப் பக்கம்,
தடித்து, செம்மண் நிறமேறி.
நிழல் பக்கம் இன்னும் குழந்தைத் தோல்.
திருப்பி நட்டால் வெந்துவிடும்.
யூலியஸ் சிரித்தான்: "செடிக்குச் சிங்காரமா?"

வேர் வந்தது.
அவ்வளவு பெரிய ஆளுக்கு இவ்வளவு சின்னக் கால்!
மண்வெட்டி பட்ட இடங்களில் மஞ்சள் சாறு,
நாக்கில் பட்டால் மறுநாள் வரைக்கும் கசப்பு.

ஐந்து நாள் கொட்டகை நிழலில் கிடத்தினேன்.
காயம் காய்ந்து தோல் கட்ட வேண்டும்.
பிறகு குழி, குழியில் சரளை.
சிவப்புப் பொட்டை வடக்கே திருப்பி
நான்கு கற்களால் முட்டுக்கொடுத்து
மண்ணை மிதித்து முடித்தேன்.

இனித்தான் கஷ்டம்.
மூன்று வாரம் தண்ணீர் கூடாது.
விதி எனக்குத் தெரியும். கைக்குத் தெரியாது.
இதற்கு முன் மூன்றைக் கொன்றிருக்கிறேன்,
மூன்றையும் தண்ணீர் விட்டு.
ஒன்றுக்கு ஒரே வாளி, ஒன்றுக்குத் தினம் ஒரு கோப்பை,
ஒன்றுக்கு இரவில் எழுந்துபோய்,
யாரும் பார்க்காதபோது.
அடியில் அழுகி, ஏதோ ஒரு காலையில்
தலையணைபோல் சாய்ந்து கிடந்தன.
நகரத்துக்குப் போனபின் என் மகள் டெல்மரீ
தொலைபேசியில் சொன்னாள்:
"அம்மா, ஒரு நாள் கூப்பிடாமல் இருந்து பாரேன்."
அது வேறு விஷயம்.

நான்காம் நாள் வாளியோடு போய்க்
குழாயைத் திறந்தேன்.
குழாய் இருமியது.
ஒரு சிலந்தி, கொஞ்சம் துரு, பிறகு காற்று.
அணை வற்றிவிட்டது என்று நகராட்சி
ஒலிபெருக்கியோடு தெருத்தெருவாய்ச் சுற்றியது.
அடுத்த இருபத்திரண்டு நாள்
லாரி வந்தது, வரிசை வந்தது, சண்டை வந்தது.
வீட்டுக்கு இரண்டு கேன்.
முகம் கழுவிய தண்ணீரில் கால்,
கால் கழுவியதில் தரை,
தரை துடைத்தது கழிப்பறைக்கு.
கற்றாழைக்கென்று ஒரு சொட்டு மிஞ்சவில்லை.

வேலியோரம் போவதையே நிறுத்தினேன்.
இலைகள் உள்ளே குவிந்து,
விரல்களை மடக்கிக்கொள்ளும் கைபோல
அது சுருங்குவதைப் பார்க்கச் சகிக்கவில்லை.
அடி இலைகள் இரண்டு காய்ந்து தொங்கின.
யூலியஸ் வந்து பார்த்துத் தொப்பியைக் கழற்றினான்.
அவனை அடிக்க வேண்டும்போல் இருந்தது.

இருபத்து மூன்றாம் நாள் குழாயில் தண்ணீர்,
பழுப்பாய், வெட்கமில்லாமல்.
வாளியை நிறைய விட்டுவிட்டுச் செடியிடம் போனேன்,
பிடுங்கி எறியலாம் என்றுதான்.
இரண்டு கையாலும் அடியைப் பிடித்து
இழுத்தேன்.

வரவில்லை.

இன்னொரு முறை, கொஞ்சம் பலமாக.
மண்ணுக்கடியில் யாரோ மறுமுனையைப் பிடித்திருந்தார்கள்.

முள் குத்திய உள்ளங்கையோடு அங்கேயே உட்கார்ந்தேன்.
பின்னால் வாளி நிரம்பி வழியும் சத்தம்.
நகப்பூச்சு பாதி உதிர்ந்திருந்தது.
மீதிப் பாதி வடக்கே பார்த்தது.
நடுக்குருத்தில் விரல்நுனியளவு புதுப்பச்சை,
என்னை ஒரு வார்த்தை கேட்காமல்.

ஒரு கோப்பை ஊற்றினேன். ஒன்றே ஒன்று.
டெல்மரீயை ஞாயிற்றுக்கிழமை கூப்பிடலாம்.
இன்று செவ்வாய்தான்.